வெஹிக்கிள் கண்ட்ரோல்: ‘ஏந்தி ஒப்பீடு’ சரிவருமா?

வணக்கம். ‘வெஹிக்கிள் கண்ட்ரோல்’ (vehicle control) என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே கேள்வி. சோதிக்கும் பொருளைச் சேர்க்காமல், அதைக் கரைத்து எடுத்துச்செல்லும் நீர்மத்தை மட்டும் செல்களுக்கு இட்டு ஒப்பிடுவதே அது. பல்லின் வேர்சிகிச்சையை மறுபடி செய்யும்போது, வேர்க்குழலை அடைத்திருக்கும் ரப்பர் போன்ற பழைய குட்டா பெர்ச்சாவை இளக்கக் குளோரோஃபார்ம், சைலீன், யூக்கலிப்டால், ஆரஞ்சு எண்ணெய் போன்றவற்றில் ஒன்றை விடுவார்கள். வேர்நுனி தாண்டிக் கசிந்தால் செல்களுக்கு என்ன ஆகும் என்று பார்க்கத்தான் எம்டிடி சோதனை. அதன் செய்முறையைத் தமிழில் எழுதினால் ‘கரைப்பான்’ மூன்று இடங்களில் வந்து குழப்புகிறது.

சோதிக்கப்படும் யூக்கலிப்டால் ஒரு கரைப்பான். அது வளர்ப்பு ஊடகத்தில் சரியாகக் கலக்காது என்பதால் அதை முதலில் கரைத்துக்கொள்ளும் டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்பாக்சைடு) இன்னொன்று. உயிருள்ள செல்கள் மஞ்சள் எம்டிடி சாயத்தை ஊதா ஃபார்மசான் படிகமாக மாற்றியபின், 570 நானோமீட்டரில் அளப்பதற்காக அப்படிகத்தைக் கரைக்கும் ஐசோபுரொப்பனாலும் கரைப்பானே. ‘கரைப்பான் ஒப்பீடு’ என்று எழுதினால் மாணவர் எதைச் சோதனைத் தட்டின் குழியில் இடுவார்?

டிஎம்எஸ்ஓவை மட்டும் ‘ஏந்தி’ என்போம். ‘வாகனக் கட்டுப்பாடு’ போக்குவரத்துக் காவலருக்கே இருக்கட்டும்.

> சித்த மருத்துவத்தில் ‘அனுபானம்’ இருக்கிறதே, அதையே எடுத்துக்கொள்ளலாமே?

பொருந்தாது ஐயா. தேனோ வெந்நீரோ, அனுபானம் மருந்தின் வேலைக்குத் துணைநிற்க வேண்டும். ஏந்தியோ எதுவும் செய்யக் கூடாது. செய்யவில்லை என்று காட்டத்தான் அந்த ஒப்பீடே. டிஎம்எஸ்ஓவைப் பொதுவாக 0.5 விழுக்காட்டுக்குள் வைப்பார்கள். மிகுந்தால் அதுவே செல்களை நலிவிக்கும், பழி யூக்கலிப்டால்மேல் விழும். மருத்துவக் கருவிகளின் செல் நச்சுச் சோதனைக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 10993-5, செல்லின் உயிர்ப்பு 70 விழுக்காட்டுக்குக் கீழே போனால் நச்சு என்கிறது. எல்லையோரத்தில் சிறு பிழையும் முடிவைப் புரட்டிவிடும்.

ஏந்தி ஒப்பீட்டின் வரையறையில், ஏந்தியைச் சோதனைக் குழிகளில் உள்ள ‘அதே விழுக்காட்டில்’ இட வேண்டும் என்பதும் வேண்டும். யூக்கலிப்டாலை ஊடகத்தில் படிப்படியாக நீர்த்தால் டிஎம்எஸ்ஓவும் சேர்ந்து குறைந்துவிடும். பிறகு ஒரே ஏந்திக் குழியோடு எல்லாச் செறிவையும் ஒப்பிட முடியாது. நீர்த்தலை டிஎம்எஸ்ஓவிலேயே முடித்து, ஒவ்வொன்றிலும் 1 மைக்ரோலிட்டரை 199 மைக்ரோலிட்டர் ஊடகத்தில் சேர்த்தால் எல்லாக் குழியிலும் 0.5 விழுக்காடு நிற்கும்.

> ‘ஏந்தி ஒப்பீடு’ எனக்குச் சம்மதம்.

ஒரு சேர்க்கை: குளோரோஃபார்மை அப்படியே விட்டால் பாலிஸ்டைரீன் நெகிழித் தட்டே இளகும். நீர்த்தாலும் ஆவி பக்கத்துக் குழிகளுக்குத் தாவும். அதற்கு மட்டும் ஏந்தி ஒப்பீட்டைத் தனித் தட்டில் வைக்கச் சொல்லுங்கள்.