டிவிஆர் பதிவில் இடையிடையே ஓட்டை: எந்த ஹார்ட் டிஸ்க் வாங்குவது?

மண்டபம் வலைக் கொட்டகை:
கடலுக்கு நேரெதிரே கொட்டகை. எட்டு கேமரா, அவற்றைப் பதியும் பெட்டியான டிவிஆர் ஒன்று. கணினிக் கடையில் மலிவாகக் கிடைத்த 2 டிபி டிஸ்க்கைப் போட்டுப் பதினான்கு மாதம் ஓட்டினேன். இப்போது எல்லாக் கேமராவிலும் ஒரே நேரத்தில் பத்து, இருபது நிமிடப் பதிவு காணாமல் போகிறது. டிவிஆர் அவ்வப்போது கூவுகிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; அப்போது இந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் குறைவு. போன முறை இரண்டு கட்டு வலை போனது, மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. பதிவைத் தேடினால் அழிந்திருந்தது. 30 நாள் நிற்க எத்தனை டிபி வேண்டும்?

கீழக்கரை கேமரா வேலை:
தம்பி, ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2 மெகாபிட்) வேகத்தில் பதிந்தால் நாளுக்கு 21.6 ஜிபி. எட்டுக்கும் சுமார் 173 ஜிபி. உங்கள் 2 டிபி பதினொரு நாளில் நிரம்பிப் பழையதன் மேல் எழுதத் தொடங்கிவிடும். வலைத் திருட்டின் பதிவு அப்படித்தான் போயிருக்கும். 30 நாளுக்கு 5.2 டிபி, ஆகவே 6 டிபி டிஸ்க். 4 எம்பிபிஎஸ் வைத்திருந்தால் எல்லாம் இரு மடங்கு. டிவிஆர் எத்தனை டிபி வரை ஏற்கும் என்று கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வருடக் கணக்கு இன்னும் முக்கியம். நீங்கள் எழுதுவது 63 டிபி. மேசைக் கணினி டிஸ்க்குகள் பலவற்றின் வரம்பு 55 டிபிதான். வெஸ்டர்ன் டிஜிட்டல் பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் ஆகியவை கண்காணிப்புக்கென்றே செய்தவை. 180 டிபி வரை தாங்கும்.

தொண்டி:
அசைவு தெரிந்தால் மட்டும் பதியும்படி வையுங்கள், 2 டிபியே போதும்.

மண்டபம் வலைக் கொட்டகை:
வைத்துப் பார்த்தேன் அண்ணே. காக்கையும் பனையோலையும் இரவு பகலாக நடித்துக் கொடுத்தன.

பாம்பன்:
பணம் செலவழிக்குமுன் டிவிஆர் மெனுவில் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட் பக்கத்தைத் திறங்கள். டிஸ்க்கில் கெட்டுப்போன இடங்களைக் காட்டும் 5, 197 ஆகிய எண்களுக்கு நேரே உள்ள மதிப்பு ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் சாகிறது. தரவு போய்வரும்போது நேரும் பிழையைக் காட்டும் 199 மட்டும் ஏறினால், முதலில் டிஸ்க்கை டிவிஆரோடு இணைக்கும் சாட்டா கேபிளைச் சந்தேகப்படுங்கள். உப்புக்காற்றில் அதன் முனை அரித்துப்போகும். புது டிஸ்க் போட்டாலும் இதே கூவல்தான்.

மண்டபம் வலைக் கொட்டகை:
5, 197 இரண்டும் பூச்சியம். 199க்கு நேரே 3,812! கழற்றிப் பார்த்தால் முனையில் பச்சை பூத்திருக்கிறது. கேபிளை மாற்றி இரண்டு இரவு ஆகிறது, ஓட்டை இல்லை. ஆனால் 3,812 குறையவில்லையே?

பாம்பன்:
அது குறையாது. ஏறாமல் நின்றால் போதும்.

கீழக்கரை கேமரா வேலை:
நான் கேபிளை யோசிக்கவே இல்லை. ஆனாலும் 30 நாள் வேண்டுமென்றால் 6 டிபி வாங்கித்தான் ஆக வேண்டும். பழைய டிஸ்க்கைக் கணினியில் மாட்டினால் ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கும். சரி என்று அழுத்திவிடாதீர்கள், இருக்கிற பதிவும் போய்விடும். டிவிஆரை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

மண்டபம் வலைக் கொட்டகை:
கடல் பக்கச் சன்னல் திண்டில், காக்கா. சூடாகக் கூடாதென்று.

கீழக்கரை கேமரா வேலை:
இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கக் கூடாதா தம்பி! இன்றைக்கே உள்சுவர்ப் பக்கம் மாற்றுங்கள்.