கெண்டோ (ஜப்பானிய வாள் பயிற்சி): வலது குதிகால், வலது முழங்கை, இடது கெண்டைக்கால் வலி, ஷினாயில் (மூங்கில் வாளில்) சிலாம்பு. எதை முதலில் சரிசெய்வது?

கவாசாகி_புதுசு:
வணக்கம். வயது 38. இங்கே நகராட்சி விளையாட்டுக் கூடத்தில் தொடக்கநிலை வகுப்பு, வாரம் இரண்டு நாள், ஆறு வாரம் ஆகிறது. கவசம் இன்னும் வாங்கவில்லை. சுபுரி (ஷினாயைத் தனியாக வீசிப் பழகுவது), கால் பயிற்சி, கவசம் போட்டவர்களின் மென் (தலைக்கவசம்) மேல் அடிப்பது, இவ்வளவுதான்.

வலது காலை ஓங்கி வைக்கும் ஃபுமிகோமிக்குப் பிறகு குதிகால் இரண்டு நாள் வலிக்கிறது. 100 சுபுரி தாண்டினால் வலது முழங்கையின் வெளிப்பக்கம் பிடிக்கிறது. காலையில் படி இறங்கும்போது இடது கெண்டைக்கால் இறுக்கம். ஷினாய் ஆன்லைனில் வாங்கிய 39 அளவு, பெரியவர்களுக்கானது. நுனியிலிருந்து 20 செ.மீ. தள்ளி ஒரு சிலாம்பு, 3 செ.மீ. நீளத்துக்கு எழும்பியிருக்கிறது. இப்போதைக்கு டேப் சுற்றியிருக்கிறேன். போதுமா? சென்செய் (ஆசிரியர்) சொல்வதில் பாதி புரிவதில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

மூங்கில்பத்தை:
வலியெல்லாம் அப்புறம். அந்த ஷினாயை யார் தலைமேலும் இனி வைக்காதீர்கள். மென்னின் முகக் கம்பிகளுக்கு இடையே ஷினாய் நுழையாது, உடைந்த சிலாம்பு நுழையும். எதிரே இருப்பவரின் கண் அங்கேதான் இருக்கிறது. டேப் சிலாம்பை மறைக்குமே தவிர நிறுத்தாது. உள்ளே பிளவு வளர்வதும் தெரியாமல் போகும்.

பிரிக்கும் முன் சுருவின் முடிச்சை, அதாவது முதுகில் ஓடும் கயிறு கைப்பிடித் தோலில் கட்டப்பட்டிருக்கும் இடத்தை, இரண்டு கோணத்தில் படம் எடுங்கள். அவிழ்க்க ஒரு நிமிடம் போதும். படம் இல்லாமல் திரும்பக் கட்ட ஒரு சாயங்காலம் போய்விடும். பிறகு நாகாயுய் என்கிற நடுக்கட்டை அவிழ்த்து, நுனித் தோலுறையைக் கழற்றி, கைப்பிடித் தோலைத் திருகித் திருகி இழுங்கள். ஷினாயின் நான்கு மூங்கில் பத்தைகளும் பிரியும் முன் அடிமுனையில் பென்சிலால் 1, 2, 3, 4 போடுங்கள். கைப்பிடிக்குள் நகம் அளவு சதுரத் தகடு ஒன்று இருக்கும், அதன் பெயர் சிகிரி. நுனிக்குள் ஒரு ரப்பர் கட்டை. இரண்டையும் ஒரு கிண்ணத்தில் போடுங்கள். சிகிரி இல்லாவிட்டால் பத்தைகள் ஒன்றை விட்டு ஒன்று நழுவும். ரப்பர் இல்லாவிட்டால் பத்தைகளின் முனை தோலுறையைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

சிலாம்பைக் கையால் பிய்க்காதீர்கள். நார் அடுத்த கணு வரை கூடவே கிளம்பும். அடியில் கத்தியால் அறுத்து எடுத்துவிட்டு, கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து அந்த இடத்தைச் சுரண்டுங்கள். பிறகு 240 உப்புத்தாள், அடுத்து 400. அதோடு நிறுத்தாமல் நான்கு பத்தைகளின் ஓரங்களையும், உள்ளோரம் உட்பட, லேசாக மழுக்குங்கள். சிலாம்பு பிறப்பதே அங்கேதான்: ஒவ்வொரு அடிக்கும் பக்கத்துப் பத்தைகளின் கூர் ஓரங்கள் ஒன்றையொன்று கடிக்கின்றன.

பத்தையின் கனம் முழுக்க ஊடுருவிய பிளவு என்றால் சுரண்டிப் பயனில்லை. அந்தப் பத்தையை மாற்றுங்கள், அல்லது ஷினாயையே. சுரண்டினால் சரியாகிவிடும் என்றால், அந்தப் பத்தையைச் சுரு ஓடும் பக்கத்துக்குத் தள்ளிக் கட்டுங்கள். அது வாளின் முதுகு, அடி விழாத பக்கம். நாகாயுய் மொத்த நீளத்தில் கால் பங்கில், 39க்கு நுனியிலிருந்து ஏறக்குறைய 30 செ.மீ.யில் வர வேண்டும்.

எண்ணெய்க்கிண்ணம்:
மேலே சொன்னதெல்லாம் சரி. கூடவே எண்ணெய் தடவச் சொல்லுங்கள். காய்ந்த மூங்கில்தான் வெடிக்கும்.

மூங்கில்பத்தை:
துணியில் நாலு சொட்டு, அவ்வளவுதான். ஊறப்போட்டால் எடை கூடும், நுனித் தோலும் இளகும். ஓரம் மழுக்காமல் எண்ணெய் மட்டும் பூசுவது என்னைக் கேட்டால் வீண் வேலை.

இடதுகுதி:
காலுக்கு வருகிறேன். உங்கள் இரண்டு கால் வலியும் வேறு வேறு தப்பு.

வலது குதிகால்: சத்தம் வர வேண்டும் என்று காலை உயரத் தூக்கி மிதிக்கிறீர்கள், குதிகால் முதலில் தரையில் படுகிறது. பாதம் தரையை ஒட்டியே முன்னால் போய், முழு உள்ளங்காலும் ஒரே நேரத்தில் தட்டையாக விழ வேண்டும். முட்டி சற்று மடங்கியிருக்க வேண்டும். உள்ளங்கையால் மேசையைத் தட்டிப் பாருங்கள், பிறகு மணிக்கட்டு எலும்பால் தட்டிப் பாருங்கள். எது சத்தம், எது வலி என்று தெரிந்துவிடும். வலி போகும்வரை ஃபுமிகோமி வேண்டாம், தேய்த்து நடக்கும் சுரியாஷி மட்டும். குதிகால் பட்டை போடலாம், தடையில்லை. கான்கிரீட், டைல்ஸ் தரையில் வீட்டுப் பயிற்சி செய்தால் ஓங்கி மிதிக்கவே கூடாது. தோஜோவின் (பயிற்சிக்கூடத்தின்) மரத்தரை சற்று அமுங்கும், கான்கிரீட் அமுங்காது.

இடது கெண்டைக்கால்: இதில்தான் எனக்குக் கவலை. கெண்டோவில் குதிகால் நாண் அறுவது பெரும்பாலும் உடலை முன்னால் உந்தும் இடது காலில்தான். பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதா என்று யாரையாவது பின்னாலிருந்து படம் எடுக்கச் சொல்லுங்கள். விரல்கள் நேராக முன்னால் பார்க்க வேண்டும். திரும்பியிருந்தால் ஒவ்வொரு உந்தலிலும் நாண் முறுக்கிக்கொண்டு இழுபடும். குதிகாலை எக்கித் தூக்கவும் வேண்டாம், லேசாக எழும்பினால் போதும். வகுப்புக்கு 10 நிமிடம் முன்னால் போய்க் கெண்டைக்காலைச் சூடாக்குங்கள், குளிர்காலத்தில் இன்னும் கூடுதலாக.

பின்னாலிருந்து யாரோ உதைத்தது போலவோ 'டப்' என்ற சத்தமோ வந்தால் அன்றைக்கு அத்தோடு சரி. குப்புறப் படுத்து, பாதத்தைத் தொங்கவிட்டு, கெண்டைக்காலை அமுக்கச் சொல்லுங்கள். பாதம் அசையவில்லை என்றால் நாண் போய்விட்டது. நடக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். அசைந்தாலும் அடுத்த நாள் காட்டிவிடுவது நல்லது.

கைப்பிடி:
முழங்கைக்கு இரண்டு சோதனை. ஒன்று, கைப்பிடியின் அடிமுனையை முழங்கை மடிப்பில் வைத்து நீட்டுங்கள். பிடிக்கும் வலது கை சுபாவுக்கு, அதாவது அந்த வட்டத் தடுப்புக்கு, சரியாகக் கீழே வர வேண்டும். எட்டவில்லை என்றால் கைப்பிடி நீளம். வலது கை எந்நேரமும் விறைத்து நிற்கும். இரண்டு, காய்ப்பு எங்கே இருக்கிறது? இடது உள்ளங்கையில் சுண்டுவிரல், மோதிரவிரல் அடியில் என்றால் பிடி சரி. வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே என்றால் வலது கைதான் அடிக்கிறது.

கவாசாகி_புதுசு:
இரண்டுமே மாட்டிக்கொண்டது. சுபா நாலு விரல் தள்ளி இருக்கிறது, காய்ப்பு வலது கையில்தான். என்ன செய்ய? கண்ணாடி போடுகிறேன் என்பதையும் சொல்ல விட்டுவிட்டேன்.

கைப்பிடி:
நீளம் குறைந்த கைப்பிடித் தோல் தனியாகக் கிடைக்கும், கெண்டோ சாமான் கடையில் மாற்றித் தருவார்கள். புதிதாகவே வாங்குவதானால் தோபாரி வகை கேளுங்கள். எடை கைப்பக்கம் இருப்பதால் நுனி இழுக்காது. 510 கிராம் என்பது பெரியவர்களில் ஆண்களின் போட்டி ஷினாய்க்கான குறைந்தபட்ச எடை, பயிற்சிக்கு ஒரு படி சிறிய 38 அளவு எடுத்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். வலி தீரும்வரை 30 சுபுரி போதும்: அடியின் முடிவில் வலது கை தோள் உயரம், இடது கை நெஞ்சுக்குழி உயரம், முழங்கை பூட்டிக்கொள்ளக் கூடாது. இறுக்கம் அடி படும் கணத்துக்கு மட்டும், ஈரத்துணியைப் பிழிவது போல.

இடதுகுதி:
கண்ணாடிக்கு: மென் போட ஆரம்பித்ததும் சாதாரண ஃபிரேம் காதோரம் அழுத்தும், வளையும். மென் கண்ணாடி என்று தனியாக விற்கிறார்கள், அல்லது மென்மையான கான்டாக்ட் லென்ஸ். அதுவரை, மென் இல்லாமல் எதிராளியாக நின்று அடி வாங்கவே வாங்காதீர்கள், 'மெதுவாகத்தான்' என்று சொன்னாலும். கவசம் இல்லாதவர்களும் இருவராகச் செய்யலாம் என்று 2003இல் அகில ஜப்பான் கெண்டோ சம்மேளனம் மரவாளுக்கு ஒன்பது அடிப்படைப் பயிற்சிகள் வகுத்திருக்கிறது. அதில் அடி உடம்பில் படாமல் முன்னாலேயே நிற்கும். உங்கள் வகுப்பில் கேளுங்கள்: 'பொக்குதோ நி யோரு கெண்டோ கிஹோன்வாசா கெய்கோஹோ'.

கவாசாகி_புதுசு:
நன்றி. ஷினாயைப் பிரித்துச் சுரண்டிக் கட்டிவிட்டேன். ஆனால் நாகாயுய் சுற்றிச் சுற்றி வருகிறது, நிற்க மாட்டேன் என்கிறது.

மூங்கில்பத்தை:
சுரு தொய்வாக இருக்கும். முதலில் அதை இழுத்துக் கட்டுங்கள். நாகாயுய் தோலைச் சில நிமிடம் தண்ணீரில் போட்டு, ஈரத்தோடு மூன்று சுற்றுச் சுற்றி, சுருவுக்குள் நுழைத்து முடியுங்கள், காயும்போது இறுகும். புதுச் சுரு நீளும், இரண்டு வகுப்பு கழித்து மறுபடி பாருங்கள்.