வெர்மான்டில் வீட்டைப் பார்க்கும் முன் சாலையைப் பாருங்கள்

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து வந்து எட்டு மாதங்களாக நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். வரும் ஆகஸ்ட் மாதம் வெர்மான்ட் மாநிலத்தில், எசெக்ஸ் ஜங்ஷனில் உள்ள சிப் தொழிற்சாலையில் சேர இருக்கிறேன். பர்லிங்டன் வட்டாரத்தில் வாடகை எங்கள் கைக்கு எட்டவில்லை. அங்கிருந்து 25 மைல் தள்ளி, ஒரு மலையூரில் தோட்டத்துடன் கூடிய தனி வீடு குறைந்த வாடகைக்குக் கிடைக்கிறது. படங்களில் பார்த்தவரை வீடு எங்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. மனைவிக்கு இன்னும் கார் ஓட்டத் தெரியாது. பிள்ளைகள் இருவரும் தொடக்கப் பள்ளியில் படிக்கிறார்கள். அங்கே வாழும் பெரியவர்கள் யாராவது வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்:

தம்பிக்கு வணக்கம். நான் இந்த மாநிலத்துக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. முதல் இரண்டு ஆண்டுகள் எசெக்ஸ் ஜங்ஷனில் அடுக்ககத்தில் இருந்துவிட்டு, உங்களைப் போலவே வாடகையையும் படங்களையும் பார்த்து மலைப்பக்கம் குடிபோனவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். அந்த வீட்டுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், அதற்குப் போகும் சாலை எப்படிப்பட்டது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சமையலறையையும் படுக்கையறைகளையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வெர்மான்டின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பின்படி 6,43,077 மட்டுமே. உங்கள் கோவை மாநகரில் இதைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள். மாநிலத் தலைநகரான மான்ட்பிலியரில் வசிப்பவர்கள் சுமார் 8,000 பேர். இவ்வளவு குறைந்த மக்கள் மலைகளிலும் பள்ளத்தாக்குகளிலும் சிதறி வாழ்வதால், இங்குள்ள சாலைகளில் பாதிக்கும் மேல் தார் காணாத சரளைச் சாலைகளே. கோடையிலும் இலையுதிர் காலத்திலும் அவை கண்ணுக்குக் குளிர்ச்சியாகவே இருக்கும். மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும்தான் அவற்றின் உண்மையான நிலை தெரியவரும். அதை இங்குள்ளவர்கள் 'மட் சீசன்' என்பார்கள். குளிர்காலத்தில் மூன்று நான்கு அடி ஆழம்வரை உறைந்த மண், வெயில் ஏறும்போது மேற்பரப்பில் மட்டும் உருகும். கீழே இன்னும் பனிப்பாறையாகவே இருப்பதால், உருகிய நீர் இறங்க வழியின்றிச் சாலை முழுவதும் நடவுக்கு உழுது கலக்கிய வயலைப் போல ஆகிவிடும்.

நாங்கள் குடிபோனது ஒரு அக்டோபர் மாதத்தில். அடுத்த மார்ச்சில் ஒரு நாள் மாலை நான்கு மணிக்கு, பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும் வழியில், வீட்டுக்கு அரை மைல் முன்பாக எங்கள் கார் அச்சுவரை சேற்றில் இறங்கிவிட்டது. கைப்பேசியில் சிக்னல் இல்லை. பள்ளத்தாக்குகளில் பல இடங்களில் இன்றும் கிடையாது. கதவைத் திறந்து காலை வைத்தேன், செருப்பு சேற்றிலேயே தங்கிவிட்டது. பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கியபோது, அதுவரை கை மட்டுமே அசைத்துப் பழகிய பக்கத்துப் பண்ணைக்காரர் டிராக்டரில் வந்தார். சங்கிலியை எங்கே மாட்டுவது என்று என்னிடம் கேட்காமலே வண்டியின் அடியில் படுத்து மாட்டி, பத்தே நிமிடத்தில் இழுத்துக் கரையேற்றினார். நான் நீட்டிய பணத்தை வாங்க மறுத்துவிட்டார். "இந்த மாதத்தில் விடியற்காலையில் தரை இறுகியிருக்கும்போதே போய்விட வேண்டும், திரும்புவதாக இருந்தால் இரவில் மறுபடி இறுகிய பிறகு திரும்ப வேண்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்று முதல் அவர் சொன்னபடிதான் செய்துவருகிறேன். இடையில் போயே ஆக வேண்டுமென்றால், சக்கரத் தடத்துக்குள் வண்டியை விடாமல் மேட்டில் ஏற்றி, நிறுத்தாமல் சீராகச் செலுத்துங்கள். கைப்பேசியின் வழிகாட்டி குறுக்குவழி காட்டினால் அதன்படி போகாதீர்கள்.

மட் சீசனில் சாலை சிதையாமலிருக்கப் பல ஊர்கள் கனரக வண்டிகளுக்கு எடை வரம்பு விதிக்கின்றன. அதனால் வீட்டைச் சூடாக்கும் எண்ணெயையோ புரொப்பேனையோ கொண்டுவரும் லாரி உங்கள் வாசலுக்கு வர முடியாமல் போகலாம்; பிப்ரவரியிலேயே தொட்டியை நிரப்பி வைத்துவிடுங்கள். பள்ளிப் பேருந்தும் சில சாலைகளுக்குள் வராமல் தார்ச்சாலை முனையில் நின்றுவிடும். அந்த முனைவரை பிள்ளைகளை யார் கொண்டுபோய் விடுவது என்பதை இப்போதே யோசியுங்கள், ஏனென்றால் அந்தக் காலை வேளையில் நீங்கள் தொழிற்சாலையில் இருப்பீர்கள்.

இங்கே ஊர்ச் சாலைகள் நான்கு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. மூன்றாம் வகுப்புச் சாலை என்றால், சாதாரண நிலையில் ஆண்டு முழுவதும் சாதாரணக் கார் போகும்படி ஊராட்சி வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். நான்காம் வகுப்பு என்றால் குளிர்காலத்தில் பனியைத் தள்ளிவிட வேண்டிய கடமை ஊராட்சிக்கு இல்லை. வாடகை விளம்பரங்களில் இதை யாரும் எழுதுவதில்லை. அந்த ஊரின் பதிவேடுகளைக் கவனிக்கும் டவுன் கிளார்க் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, சாலையின் பெயரைச் சொல்லி, "இது எந்த வகுப்பு, வீடு வரை பனி தள்ளுகிறீர்களா?" என்று கேளுங்கள். எங்கள் ஊரில் இப்படிக் கேட்டால் கிளார்க் அம்மையார் பதிலோடு நிறுத்தமாட்டார், எந்த வளைவில் வழுக்கும் என்பதையும் சேர்த்தே சொல்வார்.

சாலையிலிருந்து வாசல்வரை உள்ள தனிப்பாதையில் பனி தள்ளுவது உங்கள் பொறுப்பு. அதற்குரிய ஆளை செப்டம்பரிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். முதல் பனி விழுந்த பிறகு தேடினால் அகப்படமாட்டார். உங்கள் பாதைப் பனியைப் பொதுச்சாலைமேல் தள்ளுவதும் சட்டப்படி குற்றம், புதிதாக வருபவர்கள் பலர் தெரியாமல் செய்யும் தவறு இது.

வண்டியைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி பனியில் கிளம்புவதற்கு உதவும், நிறுத்துவதற்கு உதவாது. நிறுத்துவது டயரின் வேலை. ஆகவே நவம்பர் தொடக்கத்திலேயே நான்கு சக்கரங்களுக்கும் ஸ்னோ டயர் போட்டுவிடுங்கள். மண்வாரி, ஒரு பை மணல், கம்பளி, டார்ச் ஆகியவை டிக்கியில் எப்போதும் இருக்கட்டும். டிசம்பரில் பர்லிங்டனில் மாலை நாலேகாலுக்கே பொழுது சாய்ந்துவிடும். அந்த நேரத்தில்தான் மான்கள் சாலையைக் கடக்கும், வடக்கே போனால் மூஸ் எனப்படும் பெரிய காட்டு விலங்கும் குறுக்கே வரும். அதன் கால்கள் உயரமாக இருப்பதால் கார் மோதினால் உடல் முன்கண்ணாடிமேல் விழும். மெதுவாகப் போவதைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை. குடிவந்த 60 நாட்களுக்குள் ஓட்டுநர் உரிமத்தையும் வண்டிப் பதிவையும் இந்த மாநிலத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

ஆற்றைப் பற்றியும் கேளுங்கள். மலைநாடு என்பதால் சாலைகள் ஆற்றங்கரையை ஒட்டியே போகின்றன. 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் வந்தபோது பாலங்களும் சாலைகளும் அடித்துச் செல்லப்பட்டுப் பல ஊர்கள் துண்டிக்கப்பட்டன. 2023 ஜூலையில் மான்ட்பிலியரின் கடைத்தெரு முழுவதும் வெள்ளத்தில் மூழ்கியது. சரியாக ஓராண்டு கழித்து, 2024 ஜூலையில், மீண்டும் பெருவெள்ளம் வந்து பல ஊர்களின் சாலைகளை அறுத்துக்கொண்டு போனது. நீங்கள் பார்த்த வீடு மேட்டில் இருக்கலாம். அதற்குப் போகும் ஒரே பாலம் தாழ்வில் இருந்தால் மேட்டில் இருந்தும் பயனில்லை. வெளியேற இரண்டாவது வழி உண்டா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

அடுத்து ஊர்ப் பழக்கம். மார்ச் மாத முதல் செவ்வாய்க்கிழமை இங்கே டவுன் மீட்டிங் நாள். எங்கள் ஊரில் பள்ளிக்கூட அரங்கில் மடக்கு நாற்காலிகளைப் போட்டு அமர்ந்து, ஊராட்சியின் வரவு செலவை வரி வரியாகப் படித்து விவாதிப்பார்கள். நான் முதன்முறை போனபோது, சரளைச் சாலையைச் சமன்செய்யும் பழைய இயந்திரத்தை மாற்றுவதா, இன்னும் ஓராண்டு ஓட்டுவதா என்று மட்டும் முக்கால் மணி நேரம் பேசினார்கள். என்னை மீட்ட அந்தப் பண்ணைக்காரர் எழுந்து, எந்தெந்த நாளில் இயந்திரம் பழுதாகி நின்றது என்று சிறிய குறிப்பேட்டைப் பார்த்து வாசித்தார். நம் வாசலுக்குச் சாலை எப்படி வருகிறது என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. நீங்களும் குடும்பத்தோடு போய் உட்காருங்கள், யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் வாக்கெடுப்பில் கை தூக்காதீர்கள், குரலும் கொடுக்காதீர்கள். மான்ட்பிலியர், வினூஸ்கி, பர்லிங்டன் ஆகிய மூன்று நகரங்களில் குடியுரிமை இல்லாதவர்களுக்கும் உள்ளூர் வாக்குரிமை தரப்பட்டிருக்கிறது என்றாலும், வேலை விசாவில் இருப்பவர்கள் குடிவரவு வழக்கறிஞரைக் கேட்காமல் அதைப் பயன்படுத்துவது பின்னாளில் பெரும் சிக்கலில் கொண்டுபோய் விடலாம்.

குப்பையைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020 ஜூலை முதல் உணவுக் கழிவைக் குப்பையோடு சேர்ப்பது தடைசெய்யப்பட்டுள்ளது. ஊர்ப்புறங்களில் வீட்டுக்கு வந்து எடுப்பவர்கள் குறைவு. சனிக்கிழமைகளில் நாமே டிரான்ஸ்ஃபர் ஸ்டேஷன் எனப்படும் குப்பை சேகரிப்பு மையத்துக்குக் கொண்டுபோய்ப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருக்கும். ஊர்ச் செய்திகள் பலவற்றை நான் அறிந்தது அங்கே வரிசையில் நின்றபோதுதான்.

தொடர் கேள்வி:

அண்ணா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. இரண்டு ஐயங்கள் உள்ளன. என் மனைவி ஓட்டக் கற்கும்வரை பேருந்தில் சமாளிக்க முடியுமா? தை மாதம் அம்மா ஊரிலிருந்து வருகிறார். கோயிலுக்கும் நம் கடைகளுக்கும் எங்கே போவது?

பதில்:

பேருந்தைப் பொறுத்தவரை, எசெக்ஸ் ஜங்ஷனிலோ வினூஸ்கியிலோ பர்லிங்டனிலோ குடியிருந்தால் சமாளிக்கலாம். கிரீன் மவுண்டன் டிரான்சிட் பேருந்துகள் அங்கே நாள் முழுவதும் ஓடுகின்றன. கொரோனாக் காலத்தில் நிறுத்திய கட்டணத்தை 2024-இல் மீண்டும் வாங்கத் தொடங்கினார்கள். பர்லிங்டனுக்கும் மான்ட்பிலியருக்கும் இடையே வேலைக்குச் செல்வோருக்கான பேருந்தும் உண்டு. நீங்கள் சொன்ன மலையூரில் இவற்றை நம்ப இயலாது. 60 வயது கடந்தவர்களையும் உடற்குறை உள்ளவர்களையும் தன்னார்வலர்கள் தம் சொந்தக் காரில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் ஏற்பாட்டைப் போக்குவரத்து அமைப்புகள் நடத்துகின்றன. முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அதைக் கொண்டு இளம் தாய் ஒருவர் அன்றாடம் வீடு நடத்த முடியாது.

இதை ஒரு சகோதரன் என்ற உரிமையில் சொல்கிறேன். கார் ஓட்டத் தெரியாத பெண், கைப்பேசி சிக்னல் கிடைக்காத மலைவீட்டில், ஐந்து மாதப் பனியில், பகல் முழுவதும் தனியாக இருப்பது சிறிய துன்பம் அன்று. எங்கள் வீட்டில் அந்த முதல் குளிர்காலம் எப்படிக் கழிந்தது என்பதை நான் அறிவேன். அவர் உரிமம் பெறும்வரையாவது, வாடகை கூடினாலும் சிறிய அடுக்ககமாகப் பார்த்து, பேருந்து ஓடும் தெருவில் இருங்கள். அடுத்த ஆண்டு மலைக்குப் போகலாம்.

அம்மாவுக்கு மான்ட்ரியல்தான் ஆறுதலாக இருக்கும். பர்லிங்டனிலிருந்து நெடுஞ்சாலை 89-இல் வடக்கே போனால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். அங்கே முருகன் கோயில் இருக்கிறது; ஈழத் தமிழர்கள் நடத்தும் கடைகளில் முருங்கைக்காய் முதல் அரிசிமா வரை எல்லாம் கிடைக்கும். இந்தியக் கடவுச்சீட்டில் வேலை விசாவோடு இருப்பவர்களுக்கும், பார்வையாளராக வரும் அம்மாவுக்கும், கனடா விசா தனியாக வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும் என்பதால் உங்கள் குடும்பத்துக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். அம்மாவுக்கு ஊரிலேயே வாங்கிவிடுவது நல்லது. எல்லையைக் கடப்பதற்கு முன், திரும்பி வரும்போது அவருடைய அமெரிக்க விசா பலமுறை நுழைய இடம் தருகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த மலைவீட்டின் மேல் இன்னும் மனம் இருந்தால், ஊரின் பெயரையும் சாலையின் பெயரையும் எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள். வரும் சனிக்கிழமை நான் நேரில் ஓட்டிப் போய், பாலம், ஏற்றம், சிக்னல், பள்ளிப் பேருந்து நிற்கும் இடம் எல்லாவற்றையும் பார்த்துப் படம் எடுத்து அனுப்புகிறேன். அதுவரை முன்பணம் கட்ட வேண்டாம்.