"நீ" என்றே கூப்பிட்ட அம்மா அன்றிரவு "நீங்க" என்றார்: மறதிநோய் உள்ளவர்களோடு பேசிய அனுபவங்கள்

மகள்:
மறதிநோய் உள்ளவர்களை வீட்டில் கவனித்துக்கொள்ளும் உங்களுக்கு முன்கதை தேவைப்படாது. அம்மாவுக்கு அல்சைமர் என்ற மறதிநோய், இது ஐந்தாவது ஆண்டு, என்னோடுதான் இருக்கிறார். கடந்த வாரம் ஒரு மாலை இருவருமாகத் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு மடிப்பையும் கட்டைவிரலால் நீவிவிடுவது அவருடைய பழக்கம். பெயர்களெல்லாம் போன பிறகும் அது கையை விட்டுப் போகவில்லை. நடுவில் என்னை நிமிர்ந்து பார்த்து, "நீ ரொம்ப நல்ல பொண்ணு. இருட்டிப் போச்சே, உங்க அம்மா தேட மாட்டாங்களா?" என்று கேட்டார். நான் யோசிக்காமல், "நீதானேம்மா என் அம்மா!" என்று சொல்லிவிட்டேன்.

நீவிக்கொண்டிருந்த விரல் அப்படியே நின்றது. மடித்த துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரமாக நகர்ந்து உட்கார்ந்தார். அன்றிரவு முழுவதும், "தண்ணி குடுங்க", "விளக்கை அணைச்சிடுங்க" என்று அந்நியரிடம் பேசுவதைப் போலவே என்னிடம் பேசினார். என் பெயரை அவர் மறந்த நாளில்கூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை. நான் வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும்?

மகன்:
நானும் உண்மையைச் சொல்லித்தான் கற்றுக்கொண்டேன். அப்பா சாயங்காலமானால் தன் அண்ணனைத் தேடுவார். பெரியப்பா இறந்துவிட்டார் என்று சொன்னேன். அப்போதுதான் செய்தி வந்ததைப் போல உடைந்து அழுதார். கால் மணி நேரம் கழித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஏன் அழறேன்னு தெரியலையேடா" என்றார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. செய்தி மறந்துவிட்டது, துக்கம் மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதியை இந்நோய் தொடக்கத்திலேயே தாக்கிவிடுகிறது. அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான படக்காட்சிகளைக் காட்டியிருக்கிறார்கள். பார்த்தது நினைவிலிருந்து நழுவிய பிறகும் அந்தச் சோகம் அவர்களிடம் நீடித்திருக்கிறது. அதைப் படித்த நாளிலிருந்து, "பெரியப்பா வெளியூர் போயிருக்கார்" என்று மட்டுமே சொல்கிறேன். அதில் எனக்கு எந்தக் குற்றவுணர்வும் இல்லை.

மருமகள்:
மேலே எழுதியவரின் வேதனை புரிகிறது. ஆனால் அதையே எல்லோருக்குமான வழியாகச் சொல்லிவிடாதீர்கள். நானும் அத்தையிடம், மாமா வெளியூர் போயிருப்பதாகத்தான் சொல்லிவந்தேன். ஒருநாள் என் கையைப் பிடித்து நிறுத்தி, "போன தடவையும் இதையேதான் சொன்ன. என்னை ஏமாத்துறியா?" என்று கேட்டார். அடுத்த மூன்று நாட்களுக்கு என் கையால் மாத்திரை வாங்க மறுத்துவிட்டார். நோயின் தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு நாம் தடுமாறுவது நன்றாகவே தெரிகிறது. வார்த்தை பிடிபடாவிட்டாலும் குரலையும் முகத்தையும் படித்துவிடுகிறார்கள்.

உண்மையைச் சொல்லி அழவைப்பதற்கும் பொய் சொல்லி நம்பிக்கையை இழப்பதற்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. இப்போது அத்தை கேட்டால், "மாமா ஞாபகமாவே இருக்கா அத்தை? அவர் எப்படிப் பேசுவார், சொல்லுங்க" என்பேன். பெரும்பாலும் அவரே பேசிப் பேசி ஆறிவிடுகிறார். என்றாவது நேருக்கு நேராக, "அவர் இருக்காரா, இல்லையா?" என்று கேட்டால், அருகில் உட்கார்ந்து மெதுவாக உண்மையைச் சொல்கிறேன். அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு என்பதே என் கருத்து.

கணவர்:
என் அனுபவம் சிறியது. என் மனைவி இரண்டே நாளில் யாரையும் அடையாளம் தெரியாமல் பிதற்றத் தொடங்கினார். நோய் முற்றிவிட்டது என்று உறவினர்கள் எல்லோரும் சொன்னார்கள். பரிசோதித்தபோது அது சிறுநீர்த் தொற்று. மருந்து கொடுத்தபின் மெல்லத் தெளிந்தார்.

அதனால் முதலில் சொல்கிறேன்: இதுபோன்ற திடீர்க் குழப்பத்தை மறதிநோயின் கணக்கில் எழுதிவிடாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். காதுக்கருவி வேலை செய்கிறதா, கண்ணாடி துடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கேட்காததையும் தெரியாததையும் நாம் மறதி என்று எடுத்துக்கொள்கிறோம். பின்னாலிருந்து கூப்பிடாமல் எதிரே வந்து, அவர்கள் உட்கார்ந்திருந்தால் நாமும் உட்கார்ந்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கேளுங்கள். பதில் வரும்வரை மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். பாதியில் நாம் வாக்கியத்தை முடித்துவைத்தால் அவர்கள் தேடிக்கொண்டிருந்த சொல்லும் தொலைந்துபோகும். எல்லாவற்றுக்கும் மேலாக, வருகிறவர்கள் எல்லோரும் "நான் யார், சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்பதைத் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். 1901இல் பிராங்பர்ட் மருத்துவமனையில் மருத்துவர் அல்சைமர், அகஸ்டே டெட்டர் என்ற 51 வயதுப் பெண்ணிடம் இப்படித்தான் கேட்டுக் குறித்துக்கொண்டார். கணவரின் பெயரைக் கேட்டபோதும் அவர் தன் பெயரையே சொன்னார். அது நோயறியக் கேட்ட கேள்வி. வீட்டில் நாம் எதற்காகத் தேர்வு வைக்க வேண்டும்?

மகள்:
எழுதிய எல்லோருக்கும் நன்றி. தொற்றுப் பரிசோதனை செய்தோம், ஒன்றுமில்லை. நேற்று மாலை துணி மடிக்கும்போது அம்மா மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார், ஆனால் இந்த முறை "நீங்க" போட்டு: "உங்க வீட்டுல அம்மா தேட மாட்டாங்களா?" நான் கொஞ்சம் பொறுத்து, "தேட மாட்டாங்க. நான் உங்ககூடதான் இருக்கேன்னு அவங்களுக்குத் தெரியும்" என்றேன். அவர் பேசாமல் ஒரு துணியை நீவி முடித்தார். பிறகு, "அவங்க பேரு என்ன?" என்று கேட்டார். பெயரைச் சொன்னேன்.

"என் பேருதான்" என்று சொல்லி, மடித்ததை என் பக்கம் தள்ளிவிட்டு, அடுத்த துணியை எடுத்துக்கொண்டார்.