பள்ளிப் பாகுபாடு குறித்துப் புகார் அளிக்க உதவி தேவை

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கப் பெருநகரம் ஒன்றில், கறுப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைகளே பெரும்பான்மையாகப் படிக்கும் அரசுப் பள்ளியில் எங்கள் மகளும் படிக்கிறாள். அங்கே எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா கிடையாது. அதே பள்ளி மாவட்டத்தின் (ஒரே உள்ளூர் நிர்வாகத்தின்கீழ் வரும் அரசுப் பள்ளிகளின் தொகுதி) வசதியான பகுதியில் அந்த வகுப்பு நடக்கிறது. இப்போது அதைத் தவறவிடும் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புக்குள் கால்குலஸை எட்டுவது கடினம் என்பதால், இதைச் சிறு குறையாக ஒதுக்க முடியவில்லை.

சொத்து வரியைச் சார்ந்த பள்ளி நிதிமுறையை 1973ஆம் ஆண்டு ரோட்ரிகஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டுவிட்டதால், மாவட்டங்களுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வை நாங்கள் தொடப்போவதில்லை. ஒரே மாவட்டத்துக்குள் நிகழும் இனப் பாகுபாடு குறித்து, கூட்டாட்சி நிதி பெறும் அமைப்புகளில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும், 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் தலைப்பின்கீழ், கூட்டாட்சிக் கல்வித் துறையின் குடிமை உரிமைகள் அலுவலகத்தில், பொதுவாகப் பாகுபாடு நிகழ்ந்த 180 நாட்களுக்குள் புகார் அளிக்கலாம்.

சக பெற்றோர் பலருக்கு ஸ்பானிஷ் மட்டுமே தெரியும். சென்ற கூட்டத்தில் ஒரு தாய்க்கு அவருடைய சிறு மகனே, தலைமையாசிரியர் முன் திணறித் திணறி மொழிபெயர்த்தான். (மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது பள்ளியின் கடமை.)

இத்தகைய புகாரை அளித்தவர்கள் எவரேனும் இருப்பின், எந்த ஆவணங்களை இணைத்தீர்கள் என்பதையும், பள்ளிவாரியான பாட வகுப்பு விவரங்களை மாவட்ட நிர்வாகத்திடமிருந்து எவ்வாறு பெற்றீர்கள் என்பதையும் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வரைவைப் படித்துத் திருத்தித் தரக்கூடிய வழக்கறிஞர் குழுவில் இருந்தால், தனிச்செய்தி அனுப்பினால் நன்றியுடையவனாக இருப்பேன்.