நாலு பேர், நாலு நேரம்: குழுவில் குட்மார்னிங் மட்டும்தான் மிச்சம்

பாளையங்கோட்டைக்காரி:

வணக்கம். எனக்கு 61 வயது. தபால்துறையில் 31 வருடம் வேலை பார்த்துவிட்டுப் போன வருடம் ஓய்வு பெற்றேன். இப்போது நேரம் தாராளமாகக் கிடக்கிறது. அதனால்தான் இந்தக் கேள்வியே.

1983 முதல் 1986 வரை இங்கே கல்லூரி விடுதியில் ஒரே அறையில் நாலு பேர் இருந்தோம். ஒருத்தி இப்போது துபாயில், ஒருத்தி டொரண்டோவில், ஒருத்தி மெல்போர்னில். நான் மட்டும் கல்லூரி மணி காதில் விழுகிற தூரத்திலேயே குடியிருக்கிறேன். வெளிநாடு போன புதிதில் மூன்று பேருமே ஏரோகிராம் போடுவார்கள். நீலத் தாள், மடித்து ஒட்டியிருக்கும். கத்தரியை அவசரமாக விட்டால் ஒரு வரி போய்விடும். மெல்போர்ன்காரி இடம் போதாமல் ஒட்டுகிற மடிப்புக்குள்ளும் எழுதித் தொலைப்பாள். அதைக் கிழியாமல் பிரிக்க வெந்நீர் ஆவியில் காட்டுவேன். வேலை தெரிந்தவள் என்பதால் வந்த கை.

2015இல் வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தோம். ஆறு மாதம் ஒரே ரகளை. இப்போது ரோஜாப்பூ குட்மார்னிங், மஞ்சள் தின்றால் எல்லாம் குணமாகும் என்று ஒரு பார்வேர்டு, யாராவது இறந்தால் கும்பிடு குறி இரண்டு. அவ்வளவுதான்.

போன ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் 7 மணிக்கு மூன்று பேரையும் வாட்ஸ்அப் வீடியோவில் கூப்பிட்டேன். டொரண்டோவில் காலை 9:30. அவள் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள், எனக்கு அவளுடைய நெற்றியும் புகைபோக்கியும்தான் தெரிந்தன. மெல்போர்னில் இரவு 11:30. இருட்டில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் சிரித்தாள். துபாய்க்காரி வரவே இல்லை, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பேசியது 12 நிமிடம். அதில் “அப்புறம்?” என்று நான் நாலு தடவை கேட்டேன். “அப்புறம் என்ன, நீதான் சொல்லணும்” என்று அவர்கள் நாலு தடவை சொன்னார்கள். மறுநாள் காலை மறுபடி ரோஜாப்பூ.

எந்த நேரம், எந்தச் செயலி? “ஜூம் போடும்மா, எல்லாம் சரியாயிரும்” என்கிறாள் என் மகள். கோளாறு செயலியிலா, எங்களிடமா?

ஷார்ஜாவாசி:

அக்கா, துபாய்த் தோழிமேல் கோபப்படாதீர்கள். இங்கே வாட்ஸ்அப்பில் எழுதலாம், குரல் பதிவு அனுப்பலாம், ஆனால் அழைப்பு போகாது. இணையவழி அழைப்புக்கு அமீரகத்தில் அனுமதி பெற்ற செயலிகள்தான் வேலை செய்யும். நாங்கள் எல்லாரும் போட்டிம் என்ற செயலி வைத்திருக்கிறோம். ஜூமும் போகிறது. ஊரிலிருந்து வருகிறவர்கள், இருக்கும் நாட்டை மறைக்கிற வி.பி.என். போட்டுக்கொள்ளச் சொல்வார்கள், அந்த யோசனையை அவரிடம் சொல்லிவிடாதீர்கள். மாட்டினால் அபராதம் லட்சக்கணக்கான திர்ஹம்.

நேரத்துக்கு வருவோம். சாயங்காலம் வேண்டாம், மெல்போர்ன்காரர் தூக்கம் கெடும். ஞாயிறு காலை 6:30 வையுங்கள். டொரண்டோவில் அது சனி இரவு: கோடையில் 9, குளிர்காலத்தில் 8. மெல்போர்னில் முற்பகல் 11, அவர்களுக்குக் கோடை வந்தால் 12. துபாயில்தான் விடியற்காலை 5 மணி. நம்மிடம் கடிகாரத்தைத் திருப்பும் வேலை இல்லை, கனடாவில் மார்ச்சிலும் நவம்பரிலும் திருப்புவார்கள், மெல்போர்னில் ஏப்ரலிலும் அக்டோபரிலும். அந்த வாரங்களில் ஒருவர் ஒரு மணி நேரம் முன்னே பின்னே வந்து நிற்பார், சண்டை போட வேண்டாம். துபாயில் 2022இலிருந்து சனி, ஞாயிறுதான் விடுமுறை, அதனால் பேசிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்ளலாம்.

ஸ்காபரோ மாமி:

நான் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இப்ப டொரண்டோவில். உங்கட “அப்புறம்?” வாசித்து நல்லாய்ச் சிரித்தேன். எங்கட வீட்டில் அது “வேற என்ன?”

1993இல் ஊரில் டெலிபோன் இல்லை. என்னோடு கதைக்க அம்மா இரவில் கிளாலியில் வள்ளம் ஏறி, வவுனியாவுக்கு வந்து, ஒரு கடையில் இரண்டு நாள் காத்திருந்தா. லைன் கிடைத்தது. அம்மா அழுதா, நானும் அழுதேன், காசு முடிஞ்சுது. என்ன கதைத்தோம் என்று ஒரு சொல்லும் ஞாபகமில்லை.

இப்ப பாரிசில் இருக்கிற என் சிநேகிதியோடு ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை எனக்குப் பகல் 11, அவளுக்குப் பின்னேரம் 5. கைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு பேரும் சமைப்போம். கதைக்க வேண்டும் என்று சட்டமில்லை. பத்து நிமிஷம் வெங்காயம் வெட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். திடீரென்று அவள், “என்னடி, இன்னும் தூள் போடேல்லையா?” என்பாள். அதிலிருந்து கதை எங்கேயோ போகும். முகத்தை முகம் பார்த்துக்கொண்டு கதைத்தால் நேர்முகத் தேர்வு மாதிரி இருக்கிறது தங்கச்சி, கையில் ஏதாவது வேலை வைத்துக்கொள்ளுங்கோ.

அண்ணாநகர் சிப்பாய்:

நானும் என் பழைய சகா ஒருவரும் வாய் திறந்து பேசுவது வருடத்துக்கு இரண்டு முறைதான். அவர் சுவீடனில். ஆனால் லிசெஸ் என்ற இலவசத் தளத்தில் எப்போதும் ஒரு சதுரங்க ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும், ஒரு நகர்த்தலுக்கு மூன்று நாள் அவகாசம். அவர் அவசரமாகக் குதிரையை எடுத்தால் அலுவலகத்தில் நெருக்கடி என்று அர்த்தம். ஒரு முறை மூன்று நாளும் முடிந்து ஆட்டமே எனக்கு வெற்றியாகிவிட்டது. அவர் அப்படித் தோற்கிற ஆளில்லை. உடனே போன் போட்டேன். ஆஸ்பத்திரியில் இருந்தார், குடல்வால் அறுவை. வீட்டார் யாரும் எனக்குச் சொல்லத் தோன்றாமல் விட்டிருந்தார்கள்.

உங்களுக்குச் சதுரங்கம் வேண்டாம் என்றால் பல்லாங்குழியாவது ஆடுங்கள்.

சும்மா ஒரு ஆள்:

குழுவை மூடுங்கள். நாலு பேர் கூடினால் மேடைப் பேச்சுதான் வரும். ஒவ்வொருத்தரிடமும் தனியாகப் பேசுங்கள்.

பாளையங்கோட்டைக்காரி (நாலு வாரம் கழித்து):

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

காலை 5 மணிக் கூட்டம் துபாய்க்காரியிடம் செல்லவில்லை. “நீ ரிட்டயர்டு, நான் இல்ல” என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். நியாயம்தான். ஆனால் அழைப்புதானே போகாது, குரல் பதிவு போகும் என்று ஷார்ஜாத் தம்பி எழுதியது மனதில் நின்றது. ஸ்காபரோ அக்கா சொன்ன கைவேலையையும் சேர்த்துக்கொண்டேன். ஒரு நாள் வாழைப்பூ ஆய்ந்துகொண்டே, அந்த மொட்டைத் தொப்பிக் கள்ளனை (பூவுக்குள் இருக்கும் வேகாத நரம்பை) ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே, நாலு நிமிடம் பேசி அனுப்பினேன். விசேஷமாக ஒன்றும் இல்லை. மேட்டுத்திடல் பக்கம் எங்கள் பழைய தையல்கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள், எதிர்வீட்டு மாமாவுக்குக் கண் புரை, இப்படி. மூன்று பேருக்கும் தனித்தனியாக அனுப்பினேன், குழுவில் போடவில்லை. (சும்மா ஒரு ஆள் அவர்களே, அந்த ஒரு வரிக்குத் தனி நன்றி. குழுவை மூட மனம் வரவில்லை, ரோஜாப்பூ பாட்டுக்கு வரட்டும்.)

டொரண்டோக்காரி காரிலிருந்து பதில் அனுப்பினாள்: “உன் குக்கர் மூணு விசில்ல நிறுத்திட்டியே, பருப்பு வேகாதுடி.” நான் பேசியது எதையும் அவள் கேட்டதாகவே தெரியவில்லை, விசிலை எண்ணியிருக்கிறாள். துபாய்க்காரி இரட்டை வேகத்தில் வைத்துக் கேட்கிறாளாம், கோழி விரட்டுகிற மாதிரி இருக்கிறதாம். ஆனாலும் தினம் வேலைக்குப் போகும் மெட்ரோவில் கேட்டுவிட்டு இரண்டு வரி எழுதுகிறாள்.

மெல்போர்ன்காரியிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஒன்பது நாள். பிறகு வாட்ஸ்அப்பில் இரண்டு படம் வந்தது. கோடு போட்ட தாளில் கையால் எழுதி, அதைப் போட்டோ பிடித்து அனுப்பியிருக்கிறாள். பெயர் பார்க்கவே வேண்டாம், அந்த ழகரத்தின் வால் அடுத்த வரிவரைக்கும் வந்து விழும், விடுதியில் எழுதிய அதே எழுத்து. வலது காது நாலு வருடமாகக் கேட்கவில்லையாம். இடது காதும் அரைகுறை. எல்லாரும் சேர்ந்து பேசினால் இரைச்சல் மட்டும்தான் வருமாம், அதனால்தான் சிரித்துவைத்தாளாம். என் வாழைப்பூவை மருமகள் கேட்டுக் கேட்டு இவளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள். ‘கள்ளன்’ என்றால் என்ன என்று அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லையாம், திருடன் வந்துவிட்டான் என்று பயந்துவிட்டாளாம்.

தாள் முடிந்த பிறகும் விட்டாளா? ஓரத்தில் திருப்பித் திருப்பி எழுதியிருக்கிறாள். இந்தத் தடவை வெந்நீர் வேண்டியிருக்கவில்லை, இரண்டு விரலால் விரித்துப் படித்தேன்.

அவளுக்கு இனிமேல் குரல் பதிவு கிடையாது. நானும் தாளில் எழுதி எடுத்து அனுப்பினேன். தபால்தலை ஒட்டாத கடிதத்துக்குப் பெறுபவரிடம் இரட்டிப்புக் கட்டணம் வாங்கியே பழகிய கை, அனுப்பும் பொத்தானை அழுத்தும்போது கொஞ்சம் தயங்கியது. ஒரே ஒரு சிக்கல்: நான் எடுக்கும்போது தெளிவாக இருக்கிறது, அவளுக்குப் போய்ச் சேரும்போது ஓரத்து எழுத்து மங்கிவிடுகிறதாம். போனை மாற்ற வேண்டுமா?

ஷார்ஜாவாசி:

போன் நன்றாகத்தான் இருக்கிறது அக்கா. படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். ஊக்குக் குறியை அழுத்தி, கேலரிக்குப் போகாமல் டாக்குமென்ட் என்பதைத் தொட்டு, அங்கிருந்து அதே படத்தை எடுத்து அனுப்புங்கள். எடுத்தபடியே போய்ச் சேரும். அப்புறம், எழுதும்போது ஜன்னல் பக்கம் உட்காருங்கள், ட்யூப்லைட்டுக்குக் கீழே எடுத்தால் உங்கள் கை நிழல் தாளில் விழும்.