ஊசியை நிறுத்திய பிறகு எடை என்ன ஆனது?

வணக்கம். எடை குறைக்க வாரம் ஒருமுறை போடும் செமாகுளூடைடு ஊசியை மருத்துவர் பரிந்துரைத்திருக்கிறார். நடையும் உணவுக் கட்டுப்பாடுமாக இரண்டு வருடம் போராடி ஆறு கிலோ குறைத்தேன். நான்கு கிலோ திரும்பி வந்துவிட்டது. (சோம்பேறித்தனம் என்பவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டேன்.)

இந்த ஊசி பற்றி 2021இல் வெளியான ஆய்வில், 68 வாரங்களில் சராசரியாகச் சுமார் 15 சதவீத எடை குறைந்திருக்கிறது. அதிலும் உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி ஆலோசனை சேர்ந்தே இருந்தது. ஆனால், நிறுத்திய ஓராண்டில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டதாம். அதுதான் உறுத்துகிறது.

நிறுத்திய பிறகும் எடையைத் தக்கவைத்தவர்கள் இருக்கிறீர்களா? பசி திரும்பியபோது எப்படிச் சமாளித்தீர்கள்? தசை கரையாமலிருக்க எடைப் பயிற்சி உதவியதா? குமட்டல் எத்தனை நாள் படுத்தியது? பொடி, சூரணம் விற்பவர்கள் மட்டும் தயவுசெய்து வேண்டாம்.